பயிற்சியில் 92, பரீட்சையில் பி1

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் படிக்கப் போவதற்காக நான் எழுதிய ஆங்கிலத் தேர்வுக்குக் கட்டிய கட்டணம் ஒரு தடவைக்கு 65 டாலர், மூன்று தடவைக்கு 195. பேச்சுப் பயிற்சிச் செயலிக்கு மூன்று மாதச் சந்தா 30 டாலர். வெளிநாட்டு அட்டை வைத்து எனக்காகப் பணம் கட்டிய இடைத்தரகருக்கு ஒவ்வொரு தடவையும் தனிக் கமிஷன். ஐந்து மாதம். நான் மியான்மரில், யாங்கோனில் உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் மாதம் 6 லட்சம் கியாட். மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று ஒரு விலை வைத்திருக்கிறது. அந்த விலைக்கு எனக்கு யார் டாலர் தருவார்கள்? சந்தையில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கமிஷனும் சேர்ந்தால் ஒரு தேர்வுக்கு 3 லட்சம், அதாவது பாதி மாதச் சம்பளம். முதல் இரண்டு தடவை அது ஆற்றில் கொட்டிய மாதிரிதான் போனது. யாராவது ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும் என்ற ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் ஒரு கல்லூரியில் கணக்கியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். இடம் தருகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் பி2 நிலை வேண்டும், பேச்சில் தனியாகவும் பி2 வேண்டும் என்றார்கள். பி2 என்றால் என்னவென்று அப்போதுதான் தேடிப் பார்த்தேன். ஐரோப்பிய மன்றம் 2001-ல் வெளியிட்ட அளவுகோல் அது. ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு படி, பி2 நான்காவது. என்ன சொல்லலாம் என்று ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருக்காமல் ஓரளவு சரளமாகப் பேசினால் பி2. பழகிய விஷயத்தைத் தட்டுத் தடுமாறியாவது சொல்லி முடித்தால் பி1. நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், கடையில் இரண்டும் கலந்து. ஆங்கிலம் இன்வாய்ஸில் மட்டும். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக ஆங்கிலம் படித்தோம் என்று பேர். வாயைத் திறந்து பத்து வாக்கியம் பேசச் சொன்ன வாத்தியார் ஒருவரும் இல்லை.

தேர்வுகள் பலவிதம். ஐஈஎல்டிஎஸ் என்றால் பேச்சுப் பகுதியில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து 11 முதல் 14 நிமிடம் பேசவைப்பார். பிடிஇ போன்றவற்றில் கணினியிடம் பேச வேண்டும். மதிப்பெண் போடுவதிலும் மென்பொருளுக்குத்தான் பெரிய பங்கு. வீட்டிலிருந்தபடியே மடிக்கணினியில் எழுதுவது இன்னொரு வகை. மையத்துக்குப் போய் எழுதுவது எனக்கு மூன்று மடங்குக்கு மேல் செலவு என்று தெரிந்ததும் வீட்டுத் தேர்வைப் பிடித்துக்கொண்டேன். கல்லூரியும் அதை ஏற்றுக்கொண்டது. நீங்களும் கல்லூரியிடம் முதலில் அதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

அப்புறம் பயிற்சிக்காக ஒரு செயலியை இறக்கினேன். திரையில் ஒரு வாக்கியம் வரும், அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். சரியான சொல் பச்சை, தப்பான சொல் சிவப்பு. முதல் வாரம் 70, இரண்டாம் மாதம் 85, மூன்றாம் மாதம் 92. அம்மாவிடம் காட்டினேன். "92-ஆ? நீ பள்ளிக்கூடத்துல கணக்குலகூட எடுக்கலயே" என்றார். அந்த 92-ஐ நம்பித்தான் முதல் தேர்வுக்குப் பணம் கட்டினேன்.

முதல் தேர்வு ஆங்கிலத்துக்கே போகவில்லை, அதற்கு முன்பே கவிழ்ந்தது. எங்கள் பேட்டையில் மின்சாரம் நான்கு மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் போகும். வரும் நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன், அதில் குறையில்லை. ஆனால் முடக்கிய தளங்களைப் பார்க்க, வேறு நாட்டில் இருந்து வருவது போலக் காட்டும் விபிஎன் மடிக்கணினியில் தானாக ஓடும்படி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கை முடக்கியதிலிருந்து இங்கே விபிஎன் என்பது எல்லோருக்கும் செருப்பு மாதிரி, காலில் இருப்பதே நினைவிருக்காது. 2024 மே கடைசியில் விபிஎன்களையும் முடக்க ஆரம்பித்த பிறகு அது விட்டு விட்டு வேலை செய்யும். தேர்வு நடுவில் அது அறுந்துபோனது. சிங்கப்பூரில் இருந்து பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று யாங்கோனுக்கு வந்த மாதிரி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். போதாததற்கு அம்மா கதவுக்கு வெளியே நின்று "சோறு ஆறுதுடி" என்று ஒரு குரல் கொடுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: விதிமீறல், சான்றளிக்க இயலாது. எந்த விதி என்று சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்கு மூன்று நாள் கெடு என்று அதே மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. நான் முதல் வரியைப் படித்ததும் அழுதுவிட்டு மூடிவைத்தவள், அடுத்த வாரம்தான் கடைசி வரைக்கும் படித்தேன்.

வீட்டில் இருந்து எழுதப் போகிறவர்கள் முந்தின நாளே மடிக்கணினியை அணைத்துப் போட்டு, விபிஎன் தானாகக் கிளம்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே நாற்காலியில், அதே நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்து பழகுங்கள். யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். அந்தத் தேர்வில் அது சந்தேகத்துக்கு இடம். காதில் எதுவும் மாட்டக்கூடாது என்பதும் விதி. நான் மூன்று மாதமும் காதுக்கருவி மாட்டி அதன் ஒலிவாங்கியில்தான் பயிற்சி செய்திருந்தேன். மடிக்கணினியின் ஒலிவாங்கி ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதற்குக் கேட்கும் குரலே வேறு.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். விபிஎன் இல்லை. அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கைபேசி இணையத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். தேர்வு தொடங்கிய கால் மணி நேரத்தில் மின்சாரம் போனது. அட்டவணைப்படி அது போகக்கூடாத நேரம். மடிக்கணினி பேட்டரியில் ஓடியது, நான் நிறுத்தவில்லை. ஆனால் கீழ்வீட்டுக் கடைக்காரர் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசினேன். முடிவு வந்தது. இந்தத் தடவை சான்றளித்திருந்தார்கள். வாசிப்பு பி2, எழுத்து பி2, பேச்சு பி1.

பழியை ஜெனரேட்டர் மேல் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. 92 எடுத்தவள் எப்படி பி1-க்கு விழுந்தேன்? அந்தச் செயலிக்காரர்கள் ஏமாற்றினார்களா என்றுகூட யோசித்தேன். விஷயம் அதைவிடச் சாதாரணமானது. பயிற்சிச் செயலிக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரியும், வாக்கியத்தைக் கொடுத்ததே அதுதானே. என் குரலை அந்த வாக்கியத்தின் மேல் வைத்து, ஒலிக்கு ஒலி பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறது. விடைக்குறிப்பைக் கையில் வைத்திருக்கும் வாத்தியார் பையன் முணுமுணுத்ததைக்கூட சரியான விடை என்று எடுத்துக்கொள்வாரே, அந்த மாதிரி. தேர்விலோ ஒரு படத்தைக் காட்டிப் பேசு என்பார்கள். நான் என்ன சொல்வேன் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. காதில் விழுந்ததை வைத்து அதுவே சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் இலக்கணம், சொல்வளம், சரளம் எல்லாம். முதல் படியிலேயே நான் சொன்ன சொல் வேறாக விழுந்தால் மேலே கட்டுவதெல்லாம் கோணல்தான். இது ஒன்று தெரிந்திருந்தால் 30 டாலர் மிச்சம்.

என் சொல் ஏன் வேறாக விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தது நானில்லை. சின்னத் தாத்தா குடும்பம் 1964-ல் கடை கண்ணியை இழந்து கப்பலேறிப் போய் சென்னை வியாசர்பாடியில் குடியேறியது. அந்த வீட்டுப் பேத்தி ஒருத்தி, எனக்கு அக்கா முறை, பல வருஷம் ஆங்கிலத்தில் பேசும் கால்சென்டரில் இருந்தவள். என் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீ எல்லாச் சொல்லுக்கும் வாலை வெட்டிட்டுப் போறே. அது நினைப்பு வரும்போது வேற ஒரு வாலை ஒட்டுறே."

"என்னக்கா சொல்றே?"

"லைக், லைட், லைஃப் மூணும் சொல்லு."

சொன்னேன். மூன்றும் ஒரே மாதிரி "லை" என்று தொண்டையில் போய் நின்றது. எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. அது பர்மியம் கற்றுத்தந்த பழக்கம். பர்மிய எழுத்தில் சொல்லின் கடைசியில் க், ட், ப் எல்லாம் இருக்கும். பேசும்போது அத்தனையும் தொண்டையை ஒரு நொடி அடைத்து விடுவதோடு சரி. பிறந்ததிலிருந்து தெருவில் அப்படிப் பேசியவளுக்கு ஆங்கிலத்திலும் அதே வாய். சரி, கவனமாகச் சொல்லலாம் என்று நிதானித்தால் உடனே தமிழ் எழுந்து வந்துவிடும்: லைக்கு, லைட்டு, லைஃபு. நம் வாய்க்குச் சொல் வல்லின மெய்யில் முடிவது ஆகாது, ஓர் உகரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குக் குற்றியலுகரம் நடத்துகிறவள் நான். அது என் கழுத்தையே பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

வால் போவதில் உச்சரிப்பு மட்டும் போகவில்லை. ஆங்கிலத்தில் இறந்தகாலமும் பன்மையும் வாலில்தான் இருக்கின்றன. "ஒர்க்ட்" என்று நான் மனசில் சரியாகத்தான் சொல்கிறேன். வாயில் "ஒர்க்" வருகிறது. மென்பொருள் அதைக் காலப் பிழை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு "புக்ஸ்" ஒரு "புக்" ஆகிவிடும். எழுத்தில் பி2 வாங்கிய இலக்கணம் பேச்சில் எங்கே போனது என்று நான் தேடியதற்கு விடை அதுதான்.

ஆனால் பர்மியத்தை மட்டும் திட்டவும் முடியாது. அக்கா சொல்லச் சொல்ல நான் வேறொன்றைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் ப-வுக்கு ஒரு மூச்சுக் காற்று வேண்டும். தமிழர்கள் மூச்சில்லாமல் சொல்வதால் "பின்" என்பது ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் "bin" ஆகக் கேட்கும் என்றாள் அக்கா. எனக்கு அது தானாகவே வந்தது. புத்தரையும் பகோடாவையும் "பயா" என்று நாள் முழுக்கச் சொல்கிற ஊர் இது, அந்த ப-வில் மூச்சு இருக்கிறது. அதே போல, ஆங்கிலத்தில் யோசிப்பதற்குச் சொல்கிற "திங்க்". நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை விட வேண்டிய ஒலி. சென்னையில் அதற்காக அக்காவுக்கு ஒரு மாதப் பயிற்சி கொடுத்தார்களாம். நான் "தனாக்கா" என்று பர்மியர் மாதிரி சொல்லிக் காட்டினேன். அதேதான் என்று சிரித்தாள். இங்கே கன்னத்தில் பூசுகிற மரப்பட்டைக் குழம்பின் பேரில் இருந்தே எனக்கு அந்த ஒலி கிடைத்துவிட்டது. ர மட்டும் கொஞ்சம் தகராறு. பர்மியர் வாயில் ர பெரும்பாலும் ய-வாகிவிடும், ரங்கூன் யாங்கோன் ஆனதே அந்த வழியில்தான். அங்கே என்னைக் காப்பாற்றியது தமிழ்.

உங்களுக்கு எத்தனை மொழி தெரியுமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, எந்த ஒலியை எங்கிருந்து எடுக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியும் இதைச் செய்துதராது. நமக்கு இப்படி இரண்டு மொழி கையில் இருப்பது அதற்குத் தெரியாது.

பிறகு செய்த பயிற்சி முழுக்க இலவசம். கூகுள் டாக்ஸில் குரலால் எழுதும் வசதியைத் திறந்து, மொழியை ஆங்கிலமாக வைத்து, திரையைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் பேசுவேன். நான் என்ன சொல்வேன் என்று அதற்குத் தெரியாது, தேர்வு மாதிரியே. முடித்ததும் அது எழுதியிருப்பதைப் படிப்பேன். முதல் நாள் "வீ எக்ஸ்போர்ட் பீன்ஸ்" என்று சொன்னதற்கு அது எழுதியிருந்ததைப் பார்த்தால் எங்கள் முதலாளி கடையை மூடியிருப்பார். எங்கெங்கே தப்பாக எழுதியதோ அந்தச் சொற்களை மட்டும் மறுநாள் பத்து தடவை. வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும், தனிச்சொல்லாகச் சொன்னால் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். வால் மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்து ஓட்டிவிட்டால் அது வெட்டவும் படாது, ஒட்டவும் வேண்டாம். இந்த ஓர் உத்தி எனக்குப் பாதி வேலையை முடித்தது. தமிழில் உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது என்று படித்திருப்போமே, அதேதான்.

ஒலியைப் பதிவு செய்து உடனே கேட்காதீர்கள். உடனே கேட்டால் நாம் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள் கேட்டால் சொன்னது விழும்.

இன்னொரு பெரிய ஓட்டை மௌனம். பிடிஇ தேர்வில் மூன்று விநாடி பேசாமல் இருந்தால் ஒலிவாங்கியே மூடிக்கொள்ளும். நான் எழுதியதில் மூடாது. ஆனாலும் இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். என் மௌனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன, எழுவாய்க்கு அடுத்து. தமிழிலும் பர்மியத்திலும் வினைச்சொல் கடைசியில் வரும். "நான் நேற்று கோயிலுக்கு அம்மாவோடு" என்று சொல்லிக்கொண்டே போகலாம். போனேனா வந்தேனா என்று முடிவு செய்யக் கடைசி வரைக்கும் அவகாசம் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டாவது சொல்லிலேயே வினை வேண்டும். மனசில் முழு வாக்கியமும் தயாராகும் வரை வாய் காத்திருந்தது. அக்கா சொன்ன வைத்தியம்: சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரே வினை, வினையைச் சொல்லிவிட்டு அப்புறம் யோசி. இரண்டு வாரம் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள்ளே அப்படிப் பேசிக்கொண்டு போனேன். டெலிகிராமில் விற்கிற மனப்பாட விடைகளையும் 8,000 கியாட் கொடுத்து வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வாங்காதீர்கள்.

இயந்திரத்தின் காது தங்கக் காது ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருட்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் வெள்ளையர் பேச்சில் நூற்றுக்குச் சுமார் 19 சொல் தப்பாக விழுந்தது, கறுப்பினத்தவர் பேச்சில் 35. அவர்களுக்கே அப்படி என்றால் யாங்கோன் தமிழச்சியின் ஆங்கிலத்தை அந்தக் காது எந்த லட்சணத்தில் கேட்கும்! இதைப் படித்ததும் ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் எழுந்து மறுபடி பயிற்சி செய்தேன், கல்லூரிக்கு அந்தத் தாள்தானே வேண்டும். அதனால் மென்பொருள் தப்பு என்று காட்டும் ஒவ்வொன்றையும் திருத்தப் பார்க்காதீர்கள். மனிதக் காதுக்கும் புரியாததை மட்டும் திருத்துங்கள். வாரத்துக்கு ஒரு பதிவை அக்காவுக்கு அனுப்பினேன். அவளுக்கும் இயந்திரத்துக்கும் சேர்ந்து விளங்காதவை கடைசியில் பதினான்கு சொல்தான்.

மூன்றாவது தேர்வுக்கு முதலாளியிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னால் வேலையை விடப் போகிறாள் என்று தெரிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் முதல் இரண்டு தடவையும் வீட்டில் உட்கார்ந்தேன். கேட்டதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "ஏம்மா, இன்வெர்ட்டர் இருக்கிற ஆபீஸை விட்டுட்டு வீட்ல போய் எழுதுனியா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை கடை மூடியிருக்கும்போது சாவியைக் கொடுத்தார். மேஜைக்குப் பின்னால் உளுந்து மாதிரிப் பைகளை அடுக்கிவைத்தேன். எதிரொலி அடங்க அவை நல்ல மறைப்பு. இன்வெர்ட்டர் ஓடியது. பேச்சில் பி2 வந்தது. பி2-வின் அடிமட்டத்தில்தான், ஆனாலும் பி2.

போன வாரம் கல்லூரியில் இருந்து அடுத்த கடிதம். காணொளியில் நேர்காணல் உண்டாம், இந்தத் தடவை கேட்கப் போவது மனிதர்கள். அடுத்த செவ்வாய் காலை பத்து மணி. மின்சார அட்டவணையைப் பார்த்தேன், அந்த நேரம் எங்கள் பேட்டைக்கு இல்லாத முறை. செவ்வாய் கடை திறந்திருக்கும் நாள் வேறு. முதலாளி ஒரு மணி நேரம் பின்கட்டு அறையைக் காலி செய்து தருகிறேன் என்றிருக்கிறார்; மூட்டை ஏற்றுகிற பையன்களிடம் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வது மட்டும் என் பொறுப்பாம்.